மண்தோண்டித் தேனீக்குப் பெயரிட்ட வரலாறு

தேனீ என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழும் காட்சி ஒன்றுதான். மரக்கிளையிலோ மலைப்பாறையிலோ தொங்கும் ஓர் அடை. அதை மொய்த்து நிற்கும் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள். அவற்றின் நடுவே ஓர் அரசி. கூடி வாழ்தலுக்கும் ஓயாத உழைப்புக்கும் ஆசிரியர்கள் இவற்றையே எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆயினும் அறிஞர்கள் இதுவரை பெயரிட்டுப் பதிவு செய்துள்ள தேனீ வகைகள் 20,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் அடைகட்டித் தேன் சேமித்து வாழ்பவை மிகச் சிலவே. எஞ்சியவற்றிற் பெரும்பாலானவை அரசியும் இன்றி, குடிபடையும் இன்றித் தனித்து வாழ்கின்றன. அவற்றிலும் மிகப் பல, நிலத்தைத் தோண்டி அதனுள்ளே தம் மக்களுக்கு அறை அமைக்கின்றன. அவற்றை மண்தோண்டித் தேனீக்கள் என்று அழைப்போம். அந்தச் சிற்றுயிர்களை மனிதன் எவ்வாறு இனம் பிரித்தான், எங்கெங்கே தடுமாறினான் என்பதே நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். கதை பெரும்பாலும் இங்கிலாந்தில் நடக்கிறது. ஆனால் அதன் ஓரத்தில் நம் தரங்கம்பாடியும் ஒரு கணம் தலைகாட்டும்.

முதலில் அத்தேனீயின் வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ரினா என்னும் பேரினத்தை எடுத்துக்கொள்வோம். இதில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. பெரும்பாலும் பூமியின் வடபாதியிலே வாழ்பவை. குளிர்நாடுகளில் இளவேனில் தொடங்கியதும், புல் குறைந்த நடைபாதையிலோ தோட்டத்துச் சரிவிலோ சிறு சிறு மண்குவியல்கள் தோன்றும். குவியலின் நடுவே ஒரு துளை. எறும்புப் புற்று என்றே பலரும் எண்ணிச் சென்றுவிடுவர். உண்மையில் அது ஒரு பெண் தேனீ தன்னந்தனியே தோண்டிய சுரங்கத்தின் வாயில். அச்சுரங்கத்தின் பக்கவாட்டில் சின்னஞ்சிறு அறைகளை அவள் அமைக்கிறாள். தன் உடலிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் மெழுகு போன்ற நீரால் அறையின் சுவர்களை மெழுகுகிறாள். அதனால் மண்ணின் ஈரம் உள்ளே புகுவதில்லை. மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை செய்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிட்டு அடுத்த அறைக்குச் செல்கிறாள். சில வாரங்களில் அவள் வாழ்வு முடிந்துவிடும். தன் குழந்தையின் முகத்தை அவள் ஒருநாளும் காண்பதில்லை. இளவேனிலில் பறக்கும் இனங்களில், புழு அந்த உருண்டையைத் தின்று வளர்ந்து, இலையுதிர் காலத்துக்குள் இறகு முளைத்த தேனீயாகி, பனிக்காலம் முழுவதும் அந்த இருட்டறையிலேயே காத்திருந்து, அடுத்த இளவேனிலில் வெளிவருகிறது. ஆண்கள் முன்னே வரும். பெண்கள் பின்னே வரும். ஒரே சரிவில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் அமைவதும் உண்டு. ஆயினும் அது கூட்டுக்குடும்பம் அன்று. ஒரே தெருவில் பல வீடுகள், வீட்டுக்கு ஓர் அடுப்பு என்பதுபோன்ற அமைப்பே.

இப்படி ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே வெளியில் திரியும் உயிரை இனம் பிரிப்பது எளிதன்று. ஃபுல்வா என்னும் ஆண்ட்ரினாவின் பெண், முதுகெல்லாம் நரியின் நிறத்தில் அடர்ந்த செம்மயிர் போர்த்தது. கண்ணைப் பறிக்கும் அழகு உடையது. அதன் ஆணோ மெலிந்த உடலும், மங்கிய பழுப்பு நிறமும், முகத்தில் வெண்மயிரும் கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்து, இவை கணவனும் மனைவியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போதாக்குறைக்கு, சில நாள் வெயிலில் பறந்ததும் மயிரின் நிறம் வெளுத்துவிடும். நிறத்தை நம்பிப் பெயரிட்டவன் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிடுவான்.

தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், தேனீக்கள் அனைத்தையும் ஏப்பிஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டார். அடைகட்டும் தேனீ, மரந்துளைக்கும் தேனீ, மண்ணைத் தோண்டும் தேனீ எல்லாம் ஏப்பிஸ்தான். உலகத்து உயிர்கள் அனைத்தையும் ஒரே நூலில் அடக்க முயன்றவருக்கு அந்தச் சுருக்கம் பொருத்தமாகவே இருந்தது என்பது என் கருத்து. வீட்டைக் கட்டுபவன் முதலில் சுவர் எழுப்புவான். பலகணிக்குச் சட்டம் இழைப்பது பின்னால் வருபவன் வேலை.

பின்னால் வந்தவர் அவருடைய மாணவரே. டேனிய நாட்டினரான ஃபப்ரீஷியஸ், உப்சாலா நகரில் லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். பூச்சிகளை இறகுகொண்டு பிரிப்பதைவிட வாயுறுப்புகளைக்கொண்டு பிரிப்பதே தகும் என்பது இவர் கொள்கை. எதை உண்கிறது, எப்படி உண்கிறது என்பதுதானே உயிரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது? இக்கொள்கையின்படி 1775-ஆம் ஆண்டில் இவர் ஏப்பிஸைப் பிளந்து, ஆண்ட்ரினா என்ற பேரினத்தை உண்டாக்கினார். மண்தோண்டிகளுக்குத் தனிவீடு கிடைத்தது அன்றுதான். இங்கேதான் தரங்கம்பாடி வருகிறது. லின்னேயஸின் மற்றொரு மாணவரான கோனிக் என்பவர் 1768-ஆம் ஆண்டில் அங்கிருந்த டேனிய சமயப்பணியின் மருத்துவராக வந்து சேர்ந்தார். அவர் சோழமண்டலக் கரையில் பிடித்த பூச்சிகள் கப்பலேறி ஃபப்ரீஷியஸின் மேசைக்குப் போயின. பல பெயர் பெற்றன. நம் வீட்டுக் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரிலும் இந்தக் கோனிக்கின் பெயரே இருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கலாம். தாளிக்கும்போது யாரும் அவரை நினைப்பதில்லை.

இனி நம் கதையின் தலைவரிடம் வருவோம். வில்லியம் கர்பி 1759-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்கேயுள்ள சஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து, 1782-ஆம் ஆண்டில் பார்ஹாம் என்னும் சிற்றூரின் திருச்சபைப் பணிக்கு வந்தவர், 1850-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்த ஊரைவிட்டு வேறு ஊருக்குக் குடிபெயரவில்லை. 68 ஆண்டுகள் ஒரே ஊர், ஒரே மாதாகோயில், சுற்றிலும் அதே வயல்களும் வேலிகளும். அவர் பூச்சிகளின்பால் திரும்பியது தற்செயலாக நேர்ந்தது. ஒருநாள் காலை சன்னல் விளிம்பில் ஊர்ந்த ஒரு மஞ்சள் நிறப் பொறிவண்டைப் பிடித்தார். அதன் முதுகில் 22 கரும்புள்ளிகள் இருந்தன. இறந்துவிடும் என்று எண்ணிச் சாராயப் புட்டியில் இட்டு வைத்தார். மறுநாள் எடுத்து வெயிலில் உலர வைத்தபோது, அது உயிர்பெற்று நகரத் தொடங்கியது. அன்று பிடித்த வியப்பு அவரை விடவே இல்லை. இப்ஸ்விச் நகரத்து மருத்துவர் க்வின் என்னும் நண்பர் அந்த ஆர்வத்துக்கு நெய் வார்த்தார்.

1802-ஆம் ஆண்டில் கர்பியின் நூல் இரண்டு பகுதிகளாக இப்ஸ்விச்சில் அச்சாகி வெளிவந்தது. ‘மோனோகிராஃபியா ஏப்பும் ஆங்லியே’ என்பது அதன் பெயர். இங்கிலாந்துத் தேனீக்களைப் பற்றிய தனிநூல் என்று பொருள். 200-க்கும் மேற்பட்ட தேனீ வகைகளை அவர் அதில் விளக்கினார். அவற்றுள் பெரும்பகுதி அவர் ஊர் எல்லைக்குள்ளேயே பிடிபட்டவை! தொலைதேசங்களுக்குக் கப்பல் அனுப்பிப் புது உயிர் தேடிய காலத்தில், ஒரு கிராமத்துப் பாதிரியார் தம் வீட்டு வேலியோரத்திலேயே யாரும் பெயர் சொல்லாத உயிர்களைக் கண்டெடுத்தார். இதைவிடப் பெரிய கண்டுபிடிப்புப் பயணம் எதையும் நான் உயர்த்திச் சொல்ல விரும்பவில்லை.

அவர் எப்படிப் பிரித்தார்? ஃபப்ரீஷியஸைப் போலவே வாயைத்தான் பார்த்தார். ஆனால் மிக நுணுக்கமாகப் பார்த்தார். நாக்குக் குட்டையான தேனீக்களை மெலிட்டா என்றார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குத் தேனீ என்றே பொருள். நாக்கு நீண்டு மடங்கும் தேனீக்களை ஏப்பிஸ் என்றே விட்டுவைத்தார். இவ்விரண்டுக்குள்ளும் நாக்கு, இறகு, காலில் மகரந்தம் தாங்கும் மயிர், வயிற்றின் நுனி ஆகியவற்றை ஒப்பிட்டுச் சிறு சிறு தொகுதிகள் செய்தார். அவர் பிரித்த தொகுதிகள் பெரும்பாலும் இன்றைய பேரினங்களோடு பொருந்தி நிற்கின்றன. ஆனால் ஒன்று: அத்தொகுதிகளுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. உடுக்குறியும் எழுத்துமாக அடையாளம் இட்டதோடு நிறுத்திக்கொண்டார். அந்நூலைப் புரட்டும்போது என்னை முதலில் நிறுத்துவது இந்தத் தயக்கமே. லின்னேயஸ் ஒன்றாக வைத்ததைப் பலவாக உடைக்க அவருக்கு மனம் துணியவில்லை போலும்.

அதே 1802-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லாத்ரேய் என்பவர் தனியாக உழைத்துக் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார். அவரும் குருவானவரே. புரட்சிக் காலத்தில் போர்தோ நகரத்துச் சிறையில் கிடந்தபோது, அறையில் கண்டெடுத்த ஒரு சிறு வண்டை அடையாளம் கண்டு சொன்னதன் பயனாக விடுதலை பெற்று உயிர்பிழைத்தவர். கர்பியிடம் இருந்த தயக்கம் அவரிடம் இல்லை. தேனீக்களை இரு பெருங்குடும்பங்களாகப் பிரித்ததோடு பேரினங்களுக்கும் துணிந்து பெயர் சூட்டினார். கொலீட்டஸ், ஹலிக்டஸ் முதலிய மண்தோண்டிகளின் பெயர்கள் அவர் இட்டவை. பெயரிடும் துறையில் முன்னே அச்சான பெயருக்கே உரிமை என்பது சட்டம். ஆகவே உடுக்குறியோடு நின்றவர் பின்தங்கினார். பெயர் எழுதியவர் நிலைத்தார். கர்பியின் மெலிட்டாவில் பெரும்பகுதியை, 27 ஆண்டுகள் முன்னரே பிறந்த ஆண்ட்ரினா என்ற பெயர் எடுத்துக்கொண்டது. மெலிட்டா என்பது ஒரு சில தேனீக்களுக்கு மட்டும் உரிய சிறு பேரினமாகச் சுருங்கிப்போயிற்று.

கர்பியின் நூலில் மற்றோர் அரிய செய்தி உண்டு. ஒரு மண்தோண்டித் தேனீயின் வயிற்று வளையங்களுக்கு இடையே ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். உண்ணி என்று எண்ணி ஊசியால் நெம்பி எடுத்தார். வந்தது உண்ணி அன்று. தேனீயின் உடலுக்குள் புதைந்து கிடந்த வெண்மையான மற்றோர் உயிர். அதற்கு ஸ்டைலொப்ஸ் என்று பெயரிட்டார். இதன் பெண், தேனீயின் வயிற்றுக்குள்ளேயே வாழ்நாள் முழுதும் அடைந்து கிடக்கும். தலைப்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு மட்டும் இறகு உண்டு. இதையும் இதன் உறவினங்களையும் எந்த வரிசையிலும் சேர்க்க முடியாமல், 1813-ஆம் ஆண்டில் கர்பி இவற்றுக்கென்றே தனி வரிசை ஒன்றை அமைத்தார். பேரினத்துக்குப் பெயர் வைக்கத் தயங்கியவர், தேவை நேர்ந்தபோது முழு வரிசையையே உண்டாக்கத் தயங்கவில்லை.

இந்த ஒட்டுண்ணி நம் கதைக்குள் ஏன் வருகிறது? அது புகுந்த தேனீயின் தோற்றமே மாறிவிடுகிறது. பெண்ணின் காலிலுள்ள மகரந்தம் சுமக்கும் மயிர் குறைந்துபோகும். முகத்தில் மஞ்சள் நிறம் பெறும் ஆண்கள் அந்நிறத்தை இழக்கக்கூடும். பெண்ணின் முகத்தில் ஆணின் நிறம் தோன்றவும் கூடும். ஆண் பெண்ணைப் போலும், பெண் ஆணைப் போலும் ஆகிவிடுகின்றன. பிரான்சு நாட்டு ழான் பெரேஸ் 1886-ஆம் ஆண்டில் இதை விரிவாக ஆராய்ந்து காட்டினார். இதை அறியாமல், நோயுற்ற தேனீயைப் பிடித்துப் புது இனம் என்று பெயர் எழுதியவர்கள் உண்டு.

பருவம் செய்யும் மாயம் இன்னொன்று. சில ஆண்ட்ரினாக்கள் ஆண்டில் இருமுறை தலைமுறை எடுக்கின்றன. ஒன்று இளவேனிலில், மற்றொன்று கோடையில். தாய்த் தலைமுறையும் மகள் தலைமுறையும் நிறத்திலும் மயிரிலும் வேறுபட்டிருக்கும். சிலவற்றில் ஆணின் தாடையமைப்புக்கூட மாறும். கர்பி தம் நண்பர் க்வின்னின் நினைவாக க்வினானா என்று ஒரு தேனீக்குப் பெயரிட்டார். ஆனால் அது ஃபப்ரீஷியஸ் 1775-இலேயே பைக்கலர் என்று பெயரிட்ட தேனீயின் இளவேனில் தலைமுறைதான் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. பெயர் மறைந்தது. நண்பருக்குக் கட்டிய சிறு நினைவுச்சின்னம் இடிந்தது என்று வருந்தத் தோன்றுகிறது. ஆனால் தேனீக்கு நட்பைப் பற்றிக் கவலை இல்லையே! இந்தச் சிக்கல்களைப் பொறுமையாக அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் பெர்க்கின்ஸ். ஹவாய்த் தீவுகளின் பூச்சிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற இவர், 1919-ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஆண்ட்ரினாக்களையும், அவற்றின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் நோமடா என்னும் தேனீக்களையும் ஒருசேர ஆராய்ந்து எழுதினார்.

நம் நாட்டுத் தேனீக்களைத் தொகுத்து எழுதியவர் பிங்காம் என்னும் படைத்துறை அதிகாரி. பர்மாவில் வனப்பாதுகாப்புப் பணியில் இருந்துகொண்டே பூச்சிகளைச் சேர்த்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் என்ற வரிசையில் குளவிகளையும் தேனீக்களையும் பற்றிய அவர் நூல் 1897-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் ஊர்த் தோட்டங்களில் கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் ரீங்காரமிட்டு மகரந்தத்தை உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீயும் தனித்து வாழும் மண்தோண்டியே. களிமண் சுவரிலும் அது துளையிடும். ஆண்ட்ரினாவின் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று, நீண்ட நாக்குடையது. மண்ணைத் தோண்டும் பழக்கம் ஒன்றே என்பதனால் இனமும் ஒன்றாகிவிடாது என்பதற்கு அதுவே சான்று.

நாக்கை வைத்து வகுத்த வகுப்பு எவ்வளவு தூரம் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். கொலீட்டஸ் என்னும் மண்தோண்டியின் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். குளவிகளின் நாக்கும் அவ்வாறே. தேனீக்கள் குளவி முன்னோர்களிடமிருந்து தோன்றியவை. ஆகவே கொலீட்டஸ் குடும்பமே தேனீக்களில் மிகப் பழமையானது என்று நெடுங்காலம் பலர் நம்பினர். கேட்பதற்குப் பொருத்தமான வாதம். ஆனால் அந்த நாக்கை அத்தேனீ எதற்குப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள்: தன் உடலில் சுரக்கும் நீரை அறையின் சுவரில் தூரிகைபோலப் பூசி, கண்ணாடித் தாளை ஒத்த மெல்லிய உறையை உண்டாக்குகிறது. ஆகவே அது பாட்டன் சொத்தாக வந்த நாக்கு அன்று, தொழிலுக்காகப் பின்னர் அமைந்த கருவி என்று சிலர் மறுத்தனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து டான்ஃபர்த்தும் அவர் துணைவர்களும் 2006-ஆம் ஆண்டில், ஐந்து மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்து, மறுத்தவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். கொலீட்டஸ் அடிமரத்தில் இல்லை. அடிமரத்தில் முதலில் கிளைத்து நின்றது மெலிட்டாவின் குடும்பம். கர்பி இட்ட பெயர், சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் தேனீக் குலத்தின் மிகப் பழைய கிளையின் பெயராகி நின்றது! இன்று ஏழு குடும்பங்கள் என்று வகுக்கப்படும் தேனீக்களைப் பற்றி, கான்சஸ் பல்கலைக்கழகத்து மிச்சனர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலே இத்துறையினர் கையில் எப்போதும் இருப்பது. ஆனால் அவரும் மரபணு காட்டிய புதுவழியைப் பின்னரே காண நேர்ந்தது.

கர்பி குத்தி வைத்த தேனீக்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 200 ஆண்டுகள் கழிந்தும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. 1802-ஆம் ஆண்டு நூலில் ஓவாட்டுலா என்றும் அஃப்ஸேலியெல்லா என்றும் இரண்டு தேனீக்களை அவர் வேறுவேறாக எழுதியிருந்தார். இரண்டும் அவரை விதை மரபுத் தாவரங்களின் பூக்களில் திரிபவை. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுபவை. பின்வந்தவர்கள் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டி, ஓவாட்டுலா என்ற ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்துவிட்டனர். க்வினானாவைப்போல இதுவும் பாதிரியாரின் மிகையான பிரிப்பு என்றே எல்லாரும் எண்ணினர். 2022-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர், ஆல்ப்ஸ் நாடுகள் முதலிய பல இடங்களிலிருந்து சேர்த்த தேனீக்களின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டனர். அந்த ஒரே பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருந்தன. தேனீக்கள் அருகிவருகின்றனவா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் நாடுகளில் இது சிறிய செய்தி அன்று. இரண்டு இனங்களை ஒரே பெயரால் எண்ணினால், பெருகும் இனத்தின் எண்ணிக்கை, குறையும் இனத்தின் அழிவை மூடிவிடும். அதன்பின் அஃப்ஸேலியெல்லா மீண்டும் தனி இனமாக ஏற்கப்பட்டது. அதன் பெயரை அடுத்து, பெயரிட்டவர் என்ற இடத்தில், அடைப்புக்குறிக்குள் கர்பி, 1802 என்றே எழுதுகிறார்கள்.